தனகோட்டி சாக்ஸைக் கழற்ற மறுக்கிறார்

1

இந்தக் கதை ஒரு ஜோடி சாக்ஸிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ ஆழமான சிந்தனையில் பிறந்திருக்கும் என்று நினைத்து நீங்கள் ஏமாறக் கூடாது.

சித்திரை மாதம். சளி பிடித்து, செஞ்சியில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே எல்லோரும் வெறுங்கால். ஒரே ஒருவர் மட்டும் வேட்டிக்குக் கீழே சாக்ஸ் போட்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற சாம்பல் நிற சாக்ஸ். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த சாக்ஸ் என்னை விடவில்லை. அதற்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆகவே நானே ஒன்றை வைத்தேன்.

வலது கால் பெருவிரலுக்கு அடியில், பொட்டுக்கடலை அகலத்தில், ஆறாத ஒரு புண்.

(வைப்பது சுலபம். ஒரே வரிதான். அதை ஆற்றுவதற்குத்தான் இத்தனை பக்கம்.)

2

எப்படித் தொடங்குவது?

‘ராஜகிரியின் உச்சியில் மாலை வெயில் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த…’

வேண்டாம். செஞ்சிக்காரர்கள் ராஜகிரி மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்ப்பதே வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான்.

‘தனகோட்டியைச் சாவு பயம் பிடித்து ஆட்டியது.’

பொய். தனகோட்டிக்கு, அதாவது அந்த சாக்ஸ்காரருக்கு, சாவைப் பற்றிப் பயமில்லை. அவருக்குப் பயம் பாண்டுரங்கனைப் பற்றி. யார் இந்தப் பாண்டுரங்கன் என்று சொல்வதற்கு முன் ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

‘டாக்டர் ஸ்டெல்லா ஏழைகளின் தெய்வம்…’

இதை அந்த அம்மா படித்தால் எனக்கு வைத்தியம் பார்க்க மாட்டார்.

சரி, பெஞ்சு.

3

கிளினிக்கை நடத்துவது கணவன், மனைவி இருவர். காலையில் டாக்டர் விக்டர், மாலையில் டாக்டர் ஸ்டெல்லா. ஸ்டெல்லாவுக்குக் கைராசி என்று பேச்சு. விக்டர் எழுதிய மருந்துச் சீட்டை வைத்திருந்து, மாலையில் ஸ்டெல்லா கையால் ஒருமுறை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. விக்டர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. ‘ரெண்டு கையும் ஒரே வீட்டுக்குத்தான போவுது’ என்பார்.

டாக்டர் அறைக்கு உள்ளேயே, சுவரோரமாக, மூன்று பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று இருக்கிறது. இது விக்டரின் ஏற்பாடு. எனக்கு இது மிகவும் பிடிக்கும். எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். ஒரு நோயாளி வெளியிலிருந்து எழுந்து வந்து, மஞ்சள் பையில் பழைய சீட்டைத் தேடி, சட்டைப் பொத்தானைக் கழற்றி, மூச்சை நிதானப்படுத்திக்கொள்வதற்குள் நேரம் போய்விடுகிறது. அந்த வேலைகளையெல்லாம் பெஞ்சிலேயே முடித்துவிட்டால், முன்னவர் எழுந்ததும் அடுத்தவர் தயாராக நகர்ந்து உட்காரலாம். கூட்டமான ஓட்டலில், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பதில்லையா, அதே ஏற்பாடுதான். இதனால்தான் கடைசி பஸ்ஸுக்குள் எல்லோரும் ஊர் போய்ச் சேருகிறார்கள்.

ஒரே ஒரு குறை. அந்தப் பெஞ்சுக்குக் காது உண்டு. வாயும் உண்டு.

‘வயிறு சரியில்லம்மா’ என்று ஒருவர் ஆரம்பித்தால், ‘நேத்து கல்யாணத்துல மூணு தடவ பிரியாணி கேட்டா வேற எப்டி இருக்கும்?’ என்று பெஞ்சு முடித்துவைக்கும்.

4

இப்போது எல்லோரையும் உட்கார வைக்கிறேன்.

டாக்டருக்கு எதிரே முக்காலியில் தனகோட்டி. பக்கத்து ஊரான வல்லத்தில் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர். சர்க்கரை நோய்க்கு ஸ்டெல்லாவிடம் நெடுநாளாக வருகிறார். பெஞ்சில் அவர் மனைவி பவுனம்மாள். பக்கத்தில் பாண்டுரங்கன், அதே வல்லத்துக்காரர், வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். பாலோடு சேர்த்துச் செய்தியையும் ஊற்றுவார். பெஞ்சின் மூன்றாவது இடத்தில் நான். கதை எழுதுகிறவனும் எங்காவது உட்கார வேண்டுமே. நீங்கள் கதவோரம் நின்றுகொள்ளுங்கள்.

“மாத்திரை ஒழுங்கா போடறீங்களா ஐயா?” என்றார் ஸ்டெல்லா.

“கரெக்ட்டா போடறேம்மா.”

“சோறு?”

“ஒரு கைப்பிடி.”

“எந்தக் கைண்ணே?” என்றார் பாண்டுரங்கன். “ஜேசிபி கையா?”

“நீ பால்ல ஊத்தற தண்ணிய அளந்துட்டு வா, அப்பறம் எங்க ஊட்டு சோத்த அளக்கலாம்” என்றார் பவுனம்மாள்.

ஸ்டெல்லா தனகோட்டியின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தார். நல்ல அளவு. தனகோட்டி பரீட்சையில் பாஸான பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஸ்டெல்லா, அவருக்கு எடுத்த மூன்று மாதச் சராசரி டெஸ்ட்டின் முடிவைப் பார்த்தார். முகம் மாறியது.

“இன்னிக்கு சர்க்கரை நல்லா இருக்குது. மூணு மாசமா ரொம்ப மோசமா இருந்திருக்குது. எது பொய்?”

“மெஷின்ல பேட்டரி போயிருக்கும்மா.”

“நான் சொல்லிடறேன் டாக்டரம்மா” என்று பவுனம்மாள் எழுந்தார். “இந்த மனுஷன் உங்ககிட்ட வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடிதான் மாத்திரையே தொடும். அந்த ரெண்டு நாளும் பட்டினி. ‘நம்மள நல்லா பாக்கற டாக்டரு, அது மனசு நோவக் கூடாது’ன்னு சொல்லும். நீங்க பாத்துட்டு ‘பரவால்லையே’ன்னு சொன்னீங்கன்னா, போற வழியிலேயே பரோட்டா.”

5

(இங்கே ஒரு நிமிடம். இதை விளக்காமல் என்னால் தாண்ட முடியாது.

ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அங்கிருக்கும் சிவப்பணுக்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது உதிராது, அந்த அணு சாகும் வரை, ஏறக்குறைய மூன்று நான்கு மாதம், அப்படியே இருக்கும். புழுதி ரோட்டில் வருகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பயணி இறங்குமுன் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம். பஸ்ஸின் மேல் படிந்திருப்பது, அது எந்த வழியாக வந்தது என்று சொல்லிவிடும். விரல் நுனி டெஸ்ட் பயணியின் முகம். சராசரி டெஸ்ட் பஸ்.

இன்னொன்று. சர்க்கரை இப்படியே ஏறிக் கிடந்தால், பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். புண் வலிக்காது. வலிக்காததால் அதன் மேலேயே நடப்பார்கள். புண் உள்ளே இறங்கும். ‘வலியே இல்லம்மா’ என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால் டாக்டர் ஏன் கலங்குகிறார் என்பது இப்போது புரிந்திருக்கும். ஆரம்பத்தில் காட்டினால் மருந்தும் கட்டும் போதும். விட்டால் விரலை எடுக்க வேண்டும். அதையும் விட்டால் காலை.

ஆக, தனகோட்டி இன்று காட்டியாக வேண்டும்.)

6

ஸ்டெல்லா திட்டுவார் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் அவர் சிரித்துவிட்டார்.

“போன தடவ ஊசி வேணும்னு அடம் புடிச்சீங்களே. போட்டேனே, அது எதுக்குன்னு தெரியுமா?”

“அசதிக்கு.”

“சத்து ஊசி ஐயா. அது போடாமயே நீங்க எழுந்து நடந்திருப்பீங்க. போடாம அனுப்பினா, ‘இன்னா டாக்டரு, கைய தொட்டுப் பாத்துட்டு அனுப்பிடிச்சி’ன்னு வல்லம் பூரா பேசுவீங்க. அதுக்காகப் போட்டேன்.”

தனகோட்டி கொஞ்சம் யோசித்தார். “அப்ப நீங்க என்ன ஏமாத்திக்கினு இருந்தீங்க. நான் உங்கள ஏமாத்திக்கினு இருந்தேன்.”

“ஆமா. ரொம்ப மரியாதையா.”

அறையே சிரித்தது. இதுதான் நல்ல நேரம் என்று நினைத்து, ஸ்டெல்லாவின் பார்வையைக் கீழே இறக்கினேன்.

“அது இன்னா, சாக்ஸு?”

“குளுரும்மா.”

“சித்திரையிலயா?”

“உங்க ஏசி…”

“கரண்ட் போயி அரை மணி ஆவுது.”

“வந்துட்டா குளுருமில்ல?”

“கழட்டுங்க, பாக்கலாம்.”

அப்போது பாண்டுரங்கன் பெஞ்சிலிருந்து முன்னால் சாய்ந்தார். “அண்ணே, காமிச்சிடு. நம்ம கீழத்தெருவுல ஒருத்தரு இப்டித்தான் மறைச்சி மறைச்சி, கடைசில…”

தனகோட்டியின் கால்கள் முக்காலிக்கு அடியில் போய்விட்டன.

7

இங்கே கதை பல நாள் நின்றுபோனது. முடிவுகளை எழுதி எழுதிப் பார்த்தேன்.

அ) ‘அடுத்த மாசம் காமிக்கறேம்மா’ என்று தனகோட்டி எழுந்து போகிறார். யதார்த்தமான முடிவு. ஆனால் அந்தப் புண்ணுக்கு அடுத்த மாதம் வரை நேரமில்லை. வைத்தவன் நான், எனக்குத் தெரியும்.

ஆ) ஸ்டெல்லா குனிந்து, தானே சாக்ஸை உருவிவிடுகிறார். இதை எழுதியும் விட்டேன். விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் அடுத்த பத்தியில் தனகோட்டி வரவில்லை. அதற்கடுத்த பத்தியிலும் வரவில்லை. காலில் புண் என்றால் ஒருமுறை பார்த்தால் தீராது. திரும்பத் திரும்ப வந்து கட்டு மாற்ற வேண்டும். வலுக்கட்டாயமாகக் காட்ட வைக்கப்பட்ட ஆள் மறுபடி தானாக வருவாரா?

இ) ‘தனகோட்டி கண்கலங்கி சாக்ஸைக் கழற்ற, பாண்டுரங்கன் உட்பட அனைவரும் கைதட்டினர். அன்று முதல் வல்லம் கிராமமே…’

மன்னிக்கவும். இது சுகாதாரத் துறை சுவரொட்டி.

8

நான்காவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தபோது, தனகோட்டி திரும்பினார். ஸ்டெல்லா பக்கமல்ல. பெஞ்சுப் பக்கம். என் பக்கம்.

“யோவ் எழுதறவரே.”

“சொல்லுங்க.”

“புண்ண வெச்சது நீ. இவன இட்டாந்து எனக்குப் பின்னால குந்த வெச்சதும் நீ. நாளைக்கு விடிஞ்சா ஊட்டுக்கு ஊடு பால் ஊத்தும்போது, ‘தனகோட்டிக்குக் கால எடுக்கப் போறாங்களாம்’னு சொல்லிட்டுப் போவான். எல்லாரும் வந்து என் கால பாத்து உச்சு கொட்டுவாங்க. இதுல கழட்டு கழட்டுன்னா எப்டிய்யா கழட்டுவேன்?”

“நான் எங்க சொல்லப்போறேன்?” என்றார் பாண்டுரங்கன். அவர் குரலிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை.

ஸ்டெல்லா பெஞ்சைப் பார்த்தார். தினமும் பார்க்கிற பெஞ்சுதான். அதில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தவர்போல இருந்தது அவர் முகம்.

“இத்தன நாளா ஏன் ஐயா சொல்லல?”

“நீங்க மாத்திர போட்டியான்னு கேப்பீங்க. சோறு தின்னியான்னு கேப்பீங்க. இவங்க முன்னால சொல்ல முடியுமான்னு ஒரு நாளு கேட்டீங்களாம்மா?”

ஸ்டெல்லா எழுந்துவிட்டார். “எல்லாரும் வெளிய போங்க.”

“நாங்க இன்னா வேத்து ஆளா டாக்டரம்மா?” என்றார் பாண்டுரங்கன்.

“உங்க முறை வர்றப்பவும் கதவ சாத்திட்டுத்தான் பாப்பேன்.”

பாண்டுரங்கன் பாதி எழுந்த நிலையில் நின்றார். குரலைத் தாழ்த்தினார். “அப்டின்னா எனக்கும் ஒண்ணு சொல்ல வேண்டியது இருக்குதும்மா. ரொம்ப நாளா.” சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

“நான்?” என்றார் பவுனம்மாள்.

“நீ இருடி” என்றார் தனகோட்டி.

மிச்சமிருந்தது நான்தான். கதை எழுதுகிறவனுக்கு எந்தக் கதவும் தடையில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எழுந்தேன். நீங்களும் வாருங்கள்.

கதவு லேசில் மூடவில்லை. வருடக்கணக்கில் திறந்தே கிடந்ததில் அடிப்பகுதி தரையோடு இழுத்துப் பிடித்திருந்தது. கீலைத் தாழ்த்தி மாட்டியிருக்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துச் சற்று மேலே தூக்கிக்கொண்டு தள்ளினால் வரும். உள்ளேயிருந்து ஸ்டெல்லா தூக்க, வெளியேயிருந்து நான் இழுத்தேன். மூடிக்கொண்டது.

9

உள்ளே என்ன நடந்தது என்று எழுத இங்கே இடம் விட்டிருந்தேன்.

 

அது அப்படியே இருக்கட்டும்.

“இன்னாய்யா ஆச்சு உள்ள?” என்று பாண்டுரங்கன் என் காதில் கேட்டார்.

“தெரியாது.”

“நீதான எழுதற?”

“கதவு வரைக்கும்தான்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. கதவில் காது வைக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு, அடுத்து அந்தக் கதவுக்குள் போகப்போவது தான்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எதிர்ச் சுவர்வரை தள்ளிப் போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து ஒருமுறை பவுனம்மாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அல்லது அழுகைச் சத்தம். மரக்கதவு வழியாக வரும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு, தூக்கித் திறக்கிற ஓசையோடு திறந்தது. தனகோட்டி வெளியே வந்தார். நான் சட்டென்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டி வாசல் இறங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வாசலோரம் நின்றிருந்தீர்கள். உங்களைத் தாண்டித்தான் அவர் போனார். சாக்ஸோடு போனாரா, கட்டோடு போனாரா என்று உங்கள் கண்ணில் பட்டிருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம். பாண்டுரங்கனிடம் கூடவே கூடாது.