நாற்பது வாட் சோக்கு

தேவசிகாமணி தன் இடது கன்னத்தை நாளுக்கு இரண்டு முறை சவரம் செய்துகொண்டார். வலது கன்னத்துக்கு ஒரு முறை போதும். பாளையங்கோட்டையில் அவர் வீட்டு முன்னறையில் நாற்காலி கிடந்த இடம் அப்படி. மீன்தொட்டியின் வெளிச்சம் அவருக்கு இடது பக்கம்தான் விழும். அந்த வெளிச்சத்தில் ஒரு நாளுக்குள் இரண்டு நாள் கழிந்தது. மார்ச் முதல் வாரத்தில் தொடங்கியது இது. தொட்டியருகே வைத்த இட்லி மாவு பாதி நேரத்தில் பொங்கி வழிந்தது. மோலி மீன்கள் பதினைந்து நாளுக்கொரு முறை குட்டி போட்டன. பக்கத்து வீட்டு சுபைதா பேகம் மாங்காய்களைக் கொடுத்தனுப்பி, சீக்கிரமே பழமாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தேவசிகாமணியின் மனைவி யூனிஸ் இதை ஆசீர்வாதம் என்றாள்.

காரணம் தேவசிகாமணிக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். தொட்டி மூடிக்குள் இருந்தது இரண்டடிக் குழல்விளக்கு, இருபது வாட். அதோடு அவர் இணைத்திருந்தது நாலடி விளக்குக்கான நாற்பது வாட் சோக்கு, குழலுக்குள் மின்சாரத்தை இரட்டிப்பாக விடுவது. அவர்கள் சபையின் தேவாலயத்தில் எல்.இ.டி. விளக்கு போட்டபோது கழற்றிய சோக்குகள் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வந்தன, பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே. யாரும் கேட்கவில்லை. காணிக்கைப் பொருள் கேட்பாரற்றுக் கிடக்கக் கூடாதென்று யூனிஸ் கண்ணைக் காட்டினாள். அவர் கையைத் தூக்கினார். ஏலத்தில் எடுத்ததை எறியக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டில் உபயோகிக்க வேண்டும். அது அவள் பிறந்த வீட்டு வழக்கம். தொட்டியின் சோக்கு எரிந்துபோன அன்று அவள் அதைக் கொண்டுவந்து நீட்டிச் சேருமா என்று கேட்டாள். சேரும் என்றார். அவர் சேரும் என்றால் அந்த வீட்டில் அது சேர்ந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் அவர் மார்க்கெட்டில் காஜா முகைதீன் கடைக்குப் போய் இருபது வாட் சோக்கு கேட்டார். "இப்பம் யாரு சார்வாள் சோக்கு வாங்குதா?" என்றபடி காஜா முகைதீன் ஏணியில் ஏறி, மேல்தட்டைத் துழாவி, ஒன்றைத் தூசி ஊதிக் கொடுத்தார். தேவசிகாமணி அதைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். மாற்ற வேண்டுமென்றால் முன்னது தவறு என்று சொல்ல வேண்டும். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. தன் கன்னத்தைப் பற்றித்தான் அவர் யோசித்தார். தொட்டி முன்னால் கிடந்த மருமகளைப் பற்றி யோசிக்கவில்லை.

மருமகள் ரீபா. ஜனவரி இருபதில் கல்யாணம். மகன் எபி சரக்குக் கப்பலில் மின்சார வேலை பார்ப்பவன். பொங்கலுக்கு முந்தின வாரம்தான் கரையிறங்கினான், பிப்ரவரி கடைசியில் மறுபடி ஏறினான். ரீபாவுக்கு மசக்கை கடுமை. மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் குமட்டல் அடங்கியது. பகலும் இரவும் முன்னறைச் சோபாவிலேயே கிடந்தாள், விளக்கை அணைக்க விடவில்லை. மூன்று மாதம் முடியாமல் ஸ்கேனுக்குப் போவதில்லை என்பது யூனிஸின் முடிவு. ஏப்ரல் கடைசியில் போனார்கள். ஐந்து மாதம் என்றார் டாக்டர்.

யூனிஸ் ஆட்டோவில் விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். ஐந்து மாதத்துக்கு முன் எபி நடுக்கடலில் இருந்தான். வீட்டுக்கு வந்தும் அவள் சத்தம் போடவில்லை. ரீபா சாப்பிட்ட தட்டை மட்டும் தனியாக வைத்தாள். கப்பலுக்குப் பேசினாள். எத்தனை மாதம் என்று எபி இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனை வைத்தான். பிறகு யூனிஸ் ரீபாவின் ஊரான ஏரலுக்குப் பேசி, மகளைக் கூட்டிப்போக அவள் அப்பாவை வரச் சொன்னாள். தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று ரீபா ஒரு முறை சொன்னாள். இரண்டாம் முறை சொல்லவில்லை. தேவசிகாமணி குளியலறைக்குப் போய் இடது கன்னத்தை வழித்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ரீபாவின் அப்பா வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. ரீபாவின் பெட்டி வாசலில் இருந்தது. அன்று தேவசிகாமணி மத்தியானச் சவரம் செய்யவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார். சம்பந்தி பார்க்க, யூனிஸின் கையைப் பிடித்துத் தன் வலது கன்னத்தில் வைத்தார். பிறகு இடது கன்னத்தில்.

"என்ன செய்யுதிய? ஆளு இருக்காவ."

"காலைல ரெண்டையும் ஒண்ணாத்தான் வழிச்சேன்."

அவள் மறுபடி தடவிப் பார்த்தாள். இடது கன்னம் கையைக் குத்தியது.

"அந்தச் சோக்கு சேராது, யூனிஸ். இருபதுக்கு நாப்பதப் போட்டுட்டேன். அன்னைக்கே தெரியும்."

"சபைச் சாமான் கெடுதல் செய்யுமா?"

"சாமான்மேல குத்தமில்ல. மாட்டுனவன்மேலதான்."

யூனிஸ் கையை எடுத்தாள். "அப்பம் அந்த மாவு," என்று தொடங்கி நிறுத்தினாள். விரல்களை முதலிலிருந்து மடக்கினாள், பிப்ரவரிக்கு ஒன்று, மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இரண்டிரண்டு.

சோபாவிலிருந்து ரீபா பேசினாள். "எம் மாசத்தப் பெறகு எண்ணிக்கிடலாம் அத்தை. மாமா, மொதல்ல அத அணைங்க. புள்ள வளந்துகிட்டே இருக்கு."

அவர் பிளக்கைப் பிடுங்கினார். வேட்டிகளுக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துவந்தார். அதைச் சுற்றியிருந்த செய்தித்தாளின் தேதியை யூனிஸ் படித்தாள், ஏப்ரல் தொடக்கம். மூடியைத் தூக்கி மேஜையில் கவிழ்த்தபோது சோக்கு கையைச் சுட்டது. வேட்டி நுனியால் பிடித்துத் திருகாணிகளைக் கழற்றினார். இரண்டாவது திருகாணி துருப்பிடித்திருந்தது. சம்பந்தி எழுந்து வந்து போன் வெளிச்சத்தைக் காட்டினார். ஒயர்களைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி, மூடியைத் திரும்ப வைத்தார். பிளக்கைச் செருகியதும் குழல் நாலு முறை வெட்டி வெட்டி அணைந்தது. ரீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் முறை எரிந்தது. முன்னைவிட மங்கல்.

யூனிஸ் அடுக்களையிலிருந்து மாவைக் கொண்டுவந்து தொட்டியருகே வைத்தாள். அது பொங்கியது மறுநாள் காலையில்தான். அதுவரை சம்பந்தி ஏரலுக்குத் திரும்பவில்லை. பெட்டியும் வாசலைவிட்டு நகரவில்லை. காலையில் யூனிஸே அதை உள்ளே தூக்கிப் போனாள். தேவசிகாமணி இரண்டு சோக்குகளையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக் கப்பலுக்கு அனுப்பினார். எபி கப்பலின் மின்சாரத்தையே பார்த்துக்கொள்பவன். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "இருபதுக்கு நாப்பதா? நீங்க வாத்தியாராப்பா?" என்று போனில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, ரீபாவிடம் கொடுக்கச் சொன்னான். கப்பலில் சிக்னல் இருந்தவரை பேசினான்.

நாற்பது வாட் சோக்கு அடுக்களையின் நாலடி விளக்குக்குப் போய் ஒழுங்காக வேலை செய்தது. மாங்காய் முன்போல் பழுப்பதில்லை என்று சுபைதா பேகம் சில நாள் குறைப்பட்டுக்கொண்டாள். செப்டம்பர் முதல் வாரத்தில் பெண் குழந்தை, மூன்றேகால் கிலோ. கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லையே என்று சபையில் கேட்டவர்களிடம் யூனிஸ் வாட் கணக்கைச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டு, குழந்தையின் எடையை விசாரித்தார்கள். ஜனவரி இருபது, முதல் கல்யாண நாளன்று, குழந்தை பாயில் குப்புற விழுந்து தலையைத் தூக்கியது. நாலரை மாதத்துக்கு அது சரிதான் என்றாள் யூனிஸ்.