இடது பக்கத்தின் இழுவை

நெடுந்தீவில் முன்பள்ளி ரீச்சராக இருந்தவள் நிரோஜினி. வலது காதுக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியை யாழ்ப்பாணத்தில் வெட்டியெடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கட்டியோடு வலது பக்க முகத்தின் அசைவும் போய்விட்டது. கண் மூடவில்லை. தேத்தண்ணி குடித்தால் கடைவாயால் வழிந்தது.

வீக்கம் வற்றினால் எல்லாம் சரிவரும் என்று கணவன் மேர்வின் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் அவள் தினமும் காலையில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று சிரித்துப் பழகினாள். மூன்றாம் மாதம் வலது கடைவாய் இம்மியளவு இழுபட்டது. மேர்வினைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வலையை வைத்துவிட்டு வந்து பார்த்து, ஓம், அசையுது என்றான். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் ஓம் என்றான். தை மாதம் வேலைக்கு வருவதாக முன்பள்ளிக்கும் அறிவித்துவிட்டாள்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எப்போதும் சனக்கூட்டம். காயத்தைப் பார்த்து, கண் மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள். கேட்பதையெல்லாம் மேர்வின்தான் கேட்பான். இந்த முறை இருந்தது புதிதாக வந்த பெண் டொக்டர். அவசரப்படாமல் முகத்தைச் சோதித்தாள். நெற்றியைச் சுருக்கச் சொன்னாள்; இடது பாதியில் மட்டும் கோடு விழுந்தது. கண்ணை இறுக்கி மூடச் சொன்னாள். வலது கருவிழி மேலே ஏறி வெள்ளை தெரிந்தது. கன்னத்தை ஊதச் சொன்னாள். காற்று புஸ்ஸென்று வெளியே போனது.

“சிரிக்கேக்க அசையுது டொக்டர்,” என்று நிரோஜினி சிரித்துக் காட்டினாள்.

டொக்டர் தன் உள்ளங்கையை அவளுடைய இடது கன்னத்தில் வைத்து அசையாமல் அழுத்திப் பிடித்தாள்.

“இப்ப சிரியுங்கோ அக்கா.”

முழு மூச்சாக முயன்றாள். டொக்டர் கண்ணாடியை நீட்டினாள். வலது பக்கம் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. இவ்வளவு நாளும் நல்ல பக்கம்தான் மற்றதை இழுத்திருக்கிறது என்று டொக்டர் மெதுவாக விளங்கப்படுத்தினாள். கட்டி நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்ததால் நரம்பையும் சேர்த்தே வெட்ட வேண்டி வந்ததாம். இனி அது வராது. இமை மூட மட்டும் சின்ன ஒப்பரேசன் ஒன்று செய்யலாம்.

“ஒப்பரேசன் செய்த அண்டைக்கே உங்கட அவரிட்டச் சொன்னதெண்டு இதில எழுதியிருக்கே,” என்றாள் ஆஸ்பத்திரிக் கொப்பியைப் புரட்டியபடி.

மேர்வின் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் பஸ்ஸில் வந்து, நெடுந்தீவுப் படகில் ஏறினார்கள். படகு துறையை விட்டபின் அவள் கேட்டாள்.

“தெரிஞ்சுகொண்டுதானே ஓம் ஓம் எண்டனீங்கள்?”

“ஓம். உம்மட முகத்தைப் பாத்து இல்லையெண்டு சொல்ல என்னால ஏலாமப் போச்சு.”

மூடாத கண்ணில் உப்புக்காற்று அடித்தது. சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். தான் சிரித்துக் காட்டிய காலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, வெட்கத்தில் உடம்பு குறுகியது. அதற்கும் பின்னால் ஒரு பயம் எழும்பியது.

“கட்டி திரும்பவும் வருமெண்டு சொன்னவையோ?”

“இல்லை. அந்தோனியாராணை அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை.”

அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். எந்தக் கள்ளமும் தெரியவில்லை. முன்பும் தெரிந்ததில்லை. அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் மறுபடியும் ஏதோ சொன்னான். எஞ்சின் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவும் விருப்பமில்லை.