பதினொரு பேரின் பட்டியல்

தேவராசாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று வாசல் காவலாளி சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரை? எங்கள் தேவராசாவையா? தும்முவதற்குக்கூடச் சுற்றறிக்கையில் இடமிருக்கிறதா என்று பார்க்கிற மனிதனையா? காவலாளி சிரிக்கவில்லை. காலை எட்டரைக்கு ஜீப்பில் வந்து, மேசை லாச்சியைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு தாளையும் அவரையும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்றான். ஏழு வருடமாக அவருக்குப் பக்கத்து மேசையில் இருப்பவன் நான். அந்த வெறும் கதிரையைப் பார்த்தபடி நின்றேன்.

அது 1998 ஜூன். ஜனவரியில் பௌத்தர்களின் தலதா மாளிகை வாசலில் புலிகளின் குண்டு வெடித்ததிலிருந்து, கண்டியில் தமிழர்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவில் இறங்கினார்கள். தேவராசா யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞர். நான் நளீர், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் பிறந்து வளர்ந்த முஸ்லிம். சோதனைச் சாவடியில் என் பெயரைக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லிவிடுவார்கள். அதனால் சில விஷயங்கள் என் மண்டையில் ஏறுவதே இல்லை.

பிரான்ஸில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. முப்பத்திரண்டு நாடுகள், எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு நாடும் தன் குழுவில் மூன்று ஆட்டம் ஆடும். குழுவுக்கு இரண்டு நாடு மேலே போகும். அதன் பிறகு தோற்றவர் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதை வைத்து நாங்கள் பன்னிரண்டு பேர் 'கனவு அணி' நடத்தினோம். எல்லா நாட்டு வீரர்களிலிருந்தும் ஆளுக்குப் பதினொரு பேரைத் தெரிந்தெடுத்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே நாட்டிலிருந்து இரண்டு பேருக்கு மேல் கூடாது. நம்முடைய ஆள் கோல் போட்டால் ஐந்து புள்ளி, நம்முடைய கோல் காப்பாளர் கோல் எதுவும் விடாவிட்டால் நான்கு, சிவப்பு அட்டை வாங்கினால் மூன்று போய்விடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மூன்று பேரை மாற்றலாம். முதலிடம் வருபவருக்கு மற்றவர்கள் முறை வைத்து மதியச் சாப்பாடு கொண்டுவர வேண்டும்.

நடுவர், களஞ்சியப் பொறுப்பாளர் சுந்தரலிங்கம். காரியாலயத்தில் இப்படியான போட்டிகள் கூடாது என்று உத்தரவு இருந்ததால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். முறைப்பாடு இருந்தால் எழுதி, படிக்கட்டடியில் தொங்கும் ஆலோசனைப் பெட்டியில் போட வேண்டும். அதில் உதைபந்தாட்டம் என்ற சொல்லே வரக்கூடாது. சண்டை வராமலிருக்கப் பெயரும் போடக்கூடாது. பெட்டியின் திறப்பு அவரிடம்தான் இருந்தது, புதன்கிழமைகளில் திறப்பார்.

தேவராசா முதலாம் இடம், நான் இரண்டாம் இடம். அதுகூடப் பரவாயில்லை. காயப்பட்ட வீரர்களை, பத்திரிகையில் செய்தி வருவதற்கு முன்பே, இரண்டு தடவை பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார். எப்படி? பாரிஸில் இருக்கும் அவருடைய மச்சான் தொலைபேசியில் சொல்லிவிடுகிறான்!

"உம்மட வீட்டுப் புரியாணியை ஒரு மாதம் சாப்பிடப்போறன், நளீர். மனிசியிட்டை இப்பவே சொல்லி வையும்" என்று வேறு கண்ணைச் சிமிட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பொதியைக்கூடப் பிரிக்காமல் எழுதினேன்:

'தேவராசாவுக்குப் பாரிஸிலிருந்து அடிக்கடி தொலைபேசி வருகிறது. அந்தத் தகவலை வைத்துத் தன்னிடமுள்ள பதினொரு பேர் பட்டியலில் இரகசியமாக ஆட்களை மாற்றுகிறார். சனிக்கிழமைக்கு முன் இதை நிறுத்தாவிட்டால் எல்லோருக்கும் பாதிப்பு.'

சனிக்கிழமை அடுத்த சுற்றுத் தொடங்குகிறது. விதியை ஓர் எழுத்துக்கூட மீறாமல் எழுதிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. மடித்துப் பெட்டியில் போட்டேன்.

புதன்கிழமை சுந்தரலிங்கம் வேலைக்கு வரவில்லை. நாவலப்பிட்டியில் மாமியார் இறந்துவிட்டார். வியாழக்கிழமை காலை தேவராசாவைக் கொண்டுபோனார்கள்.

அப்போதும் என் புத்தியில் ஒன்றும் தட்டவில்லை. லாச்சியில் கிடந்த அணிப் பட்டியலைப் பார்த்துத்தான் பொலிஸ் பிழையாக நினைத்துவிட்டது என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை மற்றப் பதினொரு பேரின் தாள்களையும் திரட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பெரிய வீரன் மாதிரித்தான் போனேன்.

வாசலோரத்து வாங்கில் தேவராசாவின் மனைவி சத்தியபாமா, மாற்றுச் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"கந்தோரிலையிருந்து நீங்கள் ஒருத்தர்தான் வந்தனீங்கள், நளீர் அண்ணை. கொழும்புக்கு அனுப்பப்போறாங்களாம். அங்கை போனால் ஆளை எங்கை எண்டு நான் தேடுறது?"

"பயப்படாதீங்க தங்கச்சி. இது சும்மா வெளையாட்டுத் தாள். நான் வெளங்கப்படுத்துறேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் சிங்களவர். நான் சிங்களத்தில் குழுக்களையும் புள்ளிகளையும் விளக்க, அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரிடத்தில் சிரித்தும்விட்டார். என் கோல் காப்பாளர் தெரிவு சரியில்லையாம். எனக்கு உயிர் வந்தது.

"பட்டியல் உதைபந்தாட்டம்தான். அது நேற்றே எனக்கு விளங்கிவிட்டது" என்றார். பிறகு மேசையிலிருந்த கோவையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "ஆனால் இது? அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கிற யாரோ பயந்துபோய் எழுதியிருக்கிறார். புதன்கிழமை களஞ்சியக்காரர் வராததால், உங்கள் காரியாலயப் பாதுகாப்பு உத்தியோகத்தர் மாற்றுத் திறப்பால் பெட்டியைத் திறந்து எடுத்தது. உதைபந்துக்காக ஒருவன் இப்படி எழுதுவானா? நீங்களே சொல்லுங்கள்."

என் கையெழுத்து. 'பா' வுக்கு நான் போடுகிற நீளமான கால்கூட அப்படியே இருந்தது. பாரிஸ், இரகசியம், பட்டியல், சனிக்கிழமை. நான் எழுதியதை அன்றுதான் முதல்முதலாக வாசித்தேன். யா அல்லாஹ், இதை எழுதிய கை என்னுடையதா?

பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். ஒளிப்பானேன், அந்த எண்ணம் வந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருந்தது. கதவுக்கு வெளியே சத்தியபாமாவின் இருமல் கேட்டது.

"நான்தான் சேர் எழுதின" என்றேன். சிங்களம் மறந்துபோய்த் தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு திரும்பச் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னிடமிருந்து வாக்குமூலம் எழுதி வாங்கினார். பிறகு தேவராசாவைக் கூட்டிவரச் சொன்னார். சத்தியபாமாவையும் உள்ளே அழைத்தார்.

"இதை அவர்களுக்கு முன்னால் தமிழில் வாசியுங்கள். எழுதியது யார் என்றும் சொல்லுங்கள்."

தேவராசாவின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. சட்டையில் மேல் இரண்டு பொத்தான்கள் இல்லை. திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, நல்லகாலம் நீர் வந்தீர் என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் வாசித்தேன். மூன்று வசனம்தான். முடிவில், "நான்தான் எழுதின தேவராசா. கனவு அணிக்காக எழுதின. சுந்தரலிங்கம்தான் பெட்டியைத் தொறப்பார்ண்டு நெனச்சேன்" என்றேன்.

சத்தியபாமா தேவராசாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேற்றிலையிருந்து கந்தோரிலை இருக்கிற ஒவ்வொரு ஆளையும் நினைச்சுப் பாத்தனான். இவர் எழுதியிருப்பாரோ, அவர் எழுதியிருப்பாரோ எண்டு" என்றார் தேவராசா. "உம்மை மட்டும் நினைக்கேல்லை, நளீர். அடிக்கேக்கை, ஆரையாவது கேளுங்கோ, நான் ஆரெண்டு சொல்லுவினம் எண்டு கத்தினனான். ஆரைக் கேக்கிறது எண்டு கேட்டினம். உம்மட பேரைத்தான் குடுத்தனான்."