கொட்டகைக்கு அடியில் இருந்தவர்கள்

ஜெர்மன் போலீஸ் வண்டி முற்றத்தில் வந்து நின்றபோது, விக்தா பீப்பாய்க்குள் வெறுங்காலோடு நின்று, குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸை உப்புப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் குதித்து இறங்கினார்கள். பின்னாலேயே ஊர்த்தலைவர், தொப்பியைக் கையில் கசக்கியபடி.

அவள் புருஷன் கஸ்பெர் தொழுவத்திலிருந்து தானாகவே வந்தான். வாயைத் திறப்பதற்குள் துப்பாக்கிக் கட்டை தாடையில் இறங்கியது.

"யூதனுங்கள எங்க வச்சிருக்கேன்னு கேக்குறாங்க," என்றார் தலைவர். "சொல்லிடுப்பா. ஊரையே கொளுத்திப்புடுவாங்க."

"எனக்கே கிழங்குக்கு வழியக் காணோம். இதுல விருந்தாளி வேறயா?" கஸ்பெர் ரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பினான்.

விறகுக் கட்டையில் அவன் கையை வைத்து விரல்களை நசுக்கினார்கள். அலறினான், சொல்லவில்லை. அவர்களில் அதிகாரியாக இருந்தவன் சலித்துப்போய், வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைக்கச் சொன்னான். கூரை பற்றிக்கொண்டது.

விக்தா பீப்பாயிலிருந்து குதித்து இறங்கினாள். கொட்டகைத் தரைக்கு அடியில், பலகை மூடிய குழியில், ஜன்னலுக்குக் கண்ணாடி போடும் லைபுஷும் அவர் மகள் ப்லூமாவும் இருந்தார்கள். சொன்னால் எல்லாருக்கும் குண்டு. சொல்லாவிட்டால் அவர்களுக்குப் புகை.

கஸ்பெர் ஒருமுறை அவளைப் பார்த்தான். சட்டென்று, பிடித்திருந்தவனை முட்டித் தள்ளிவிட்டுக் கொட்டகைக்கு எதிர்ப்பக்கமாக, காட்டை நோக்கி ஓடினான். நாலு பேரும் சுட்டுக்கொண்டே துரத்தினார்கள். உழுத நிலத்தில் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். பக்கத்தில் போய்த் தலையில் சுட்டார்கள். காட்டிலிருந்து சண்டை போடுகிறவர்களின் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். தேடுவதை விட்டுத் திரும்பி வந்து, விக்தாவை உதைத்துத் தள்ளி, பன்றியை வண்டியில் ஏற்றி, தலைவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவள் எழுந்தபோது பக்கத்து வீட்டு மாச்செய் கோடரியோடு ஓடி வந்தான். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லாதவன். விக்தா வைக்கோல் அள்ளும் கவைக்கோலை அவன் கழுத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீதானடா காட்டிக் குடுத்தே!"

"அப்புறமா குத்திக்க. எந்த இடம்னு சொல்லு. உள்ள மூச்சு முட்டிச் சாகுதுங்க!"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"ரெண்டு பேர் இருக்க வீட்ல நாலு பேருக்குக் கிழங்கு வேகுது. ஊருக்கே தெரியும். காட்டிக்குடுத்தது எந்த நாயோ, நான் இல்ல."

எரியும் கூரைக்குக் கீழே இருவரும் நுழைந்தார்கள். பலகையைப் பிளந்தபோது விக்தாவின் தலைமுக்காடு பற்றிக்கொண்டது. மாச்செய் வெறுங்கையால் அடித்து அணைத்தான். குழிக்குள் லைபுஷ் மகள்மேல் செத்துக் கவிழ்ந்து கிடந்தார், ஈரத்துணியை அவள் மூக்கில் அழுத்தியபடி. அவர் கையை விலக்க முடியவில்லை. மணிக்கட்டை ஒடித்துத்தான் ப்லூமாவை வெளியே இழுத்தார்கள். அவள் இருமினாள்.

மாச்செய் அவளை வண்டியில் கிடத்தி, மேலே சாணத்தைக் கொட்டி, தன் வீட்டுக்கு ஓட்டிப் போனான்.

கஸ்பெரைக் மாதாகோயில் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். லைபுஷை, கஸ்பெர் விழுந்த நிலத்தில். ப்லூமா வீடு வீடாக மாறி, ரஷ்யர்கள் வந்து ஜெர்மானியரைத் துரத்தும்வரை ஒளிந்திருந்து பிழைத்தாள். காட்டிக்கொடுத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ப்லூமாவைப் பார்க்கும்போதெல்லாம் விக்தாவுக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. ஆனாலும், அவள் எந்த வீட்டில் இருந்தாலும் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

"உன்னாலதான்டி போனான்," என்றாள் ஒருநாள்.

"தெரியும்க்கா," என்றாள் ப்லூமா.

"தெரிஞ்சா சரி. சாப்பிடு."