போன் பண்ணாத ஏழு நிமிஷம்

"ஏழு நிமிஷம்டா! ஏழு நிமிஷம் ஒரு மனுஷன் போனைக் கையில வெச்சுக்கிட்டு..."

"அதான் அக்கா காட்சியே..."

"...போன் பண்ணாமலே உட்கார்ந்திருக்கான். இதைப் பாக்கவா ஜனங்க டிக்கெட் வாங்குறாங்க?"

"மகன்கிட்ட என்ன பேசுறதுன்னு பேசிப் பாக்குறார். வெச்சிடுறார். மறுபடி எடுக்குறார்..."

"என்னை முடிக்க விடு."

"நீ முடிச்சா என் படமும் முடிஞ்சுடும்!"

பிரிவியூ தியேட்டரின் அலுவலக அறையில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் அக்கா. மற்றொன்றில் அவளுடைய கைப்பை. தம்பி நின்றுகொண்டிருந்தான். மேசையில், அவளுடைய கண்ணாடிக்கூட்டுக்கு அடியில், கையெழுத்துக்காக ஒரு கடிதம் காத்திருந்தது. 'என் கடனுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, படத்தை வெளியிடலாம்' என்று பணம் கொடுத்தவள் எழுதித் தரவேண்டிய கடிதம் அது. மாலை ஐந்துக்குள் அது போனால்தான் நாளை காலை தியேட்டர்களில் படம் ஓடும். இப்போது மணி மூன்றரை.

அக்கா முப்பத்திரண்டு படங்களுக்குப் பணம் கொடுத்தவள். தம்பி மூன்று படங்கள் எடுத்தவன். முதலாவது ஓடியது, அடுத்த இரண்டும் படுத்துவிட்டன. இந்த நான்காவதுக்கும் அக்காவின் பணம்தான். தம்பி என்பதற்காக அவள் வட்டியில் கால் பைசா குறைக்கவில்லை. தம்பி என்பதற்காகக் கூட்டவும் இல்லை என்று அதையே பெருமையாகச் சொல்வாள்.

படம் பார்ப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. திரைக்குக் கீழே, சனங்களைப் பார்த்தபடி உட்காருவாள். திரையில் என்ன நடந்தாலும் திரும்ப மாட்டாள். முகங்களைத்தான் பார்ப்பாள். சற்றுமுன் எண்பது பேரை அழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டியபோதும் அப்படித்தான்.

"முப்பத்தோரு போன்," என்றாள். "எண்ணினேன். எண்பது பேர்ல முப்பத்தோரு பேர் அந்த இடத்துல போனை எடுத்துட்டாங்க. இருட்டுல மூஞ்சியெல்லாம் பளிச்சுனு தெரியுது. போரடிச்சாத்தான்டா போனை எடுப்பாங்க."

"ஒருத்தர்கூட எழுந்து போகலையே?"

"ஏசி நல்லா இருந்துச்சு."

"அக்கா!"

"எடிட்டர் வெளியதானே நிக்கிறார்? ஒரு மணி நேர வேலை. வெட்டிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்."

"அந்த ஏழு நிமிஷம் இல்லேன்னா அது படமே இல்லை. ரெண்டு மணி நேரம் ஓடுற விளம்பரம். அப்படி ஒண்ணை வெளியிட்டுட்டு நான் தயாரிப்பாளர்னு சொல்லிக்க மாட்டேன். கடையைக் கட்டிட்டு எங்கயாவது வேலைக்குப் போறேன்."

"உனக்கு யாருடா வேலை குடுப்பா, இந்த வயசுல?"

கதவு தட்டப்படாமலே திறந்தது. தியேட்டர் கேன்டீன்காரர். கையில் நிறைந்த டீ பிளாஸ்க்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. எண்பது பேர்னு சொன்னீங்க, எண்பது டீ போட்டேன். இடைவேளைல நாலு டீகூடப் போகலை. இதுக்கு யாரு பொறுப்பு?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். "கேட்டுக்கோ. டீ குடிக்கக்கூட மனசு வரலை."

"மனசு இல்லாம இல்லம்மா, வாய் சும்மா இருந்தால்ல குடிக்க? எல்லாரும் சுவரோரமா நின்னு போன் பேசிக்கிட்டே இருந்தாங்க."

இடைவேளைக்குச் சற்று முன்னால்தான் அந்த ஏழு நிமிஷம் வருகிறது. அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"யார்கிட்ட பேசினாங்க?"

"எனக்கென்ன தெரியும்? 'சாப்டியா'ங்கிறான் ஒருத்தன். 'மாத்திரை போட்டியா'ங்குது ஒரு பொண்ணு. மீசை வெச்ச ஆள், நல்ல உசரம், 'சும்மாதான்பா, சும்மாதான் கூப்பிட்டேன்'னு பத்து தரம் சொல்றாரு. மூக்கை வேற உறிஞ்சிக்கிட்டு." அவர் பிளாஸ்கை மேசைமேல் வைத்தார். "கடைசில நானே எங்க அண்ணனுக்குப் போட்டுட்டேன். பேசி நாலு வருஷம் ஆச்சு."

"நீங்க படம் பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா பாத்தேன்? அடுப்படியில நின்னேன். எல்லாரும் பேசுறாங்களேன்னு நமக்கும் கை பரபரன்னுச்சு."

தம்பி வாயைத் திறந்தான். அக்கா கையை உயர்த்தி அடக்கினாள்.

"அண்ணன் எடுத்தாரா?"

"எடுத்தாரு. 'எவ்வளவு வேணும்'னு கேட்டாரு. ஒண்ணும் வேணாம்னேன். நம்பவே இல்லை."

அக்கா சிரித்துவிட்டாள். கண்ணாடியை மறுபடி மாட்டினாள். வியாபாரம் பேசும்போது மட்டும் வரும் சுருக்கம் அவளுடைய நெற்றியில் விழுந்தது.

"முப்பத்திரண்டு படம்," என்றாள். "பாத்தவனை அழவெச்ச படம் உண்டு. பாக்காதவனையே பிடிச்சு ஆட்டின படம் ஒண்ணுகூட இல்லைடா."

"அப்போ வெட்ட வேணாமா?"

"எடிட்டரை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லு. எண்பது டீக்கும் நான் குடுத்துடுறேன்."

கேன்டீன்காரர் முகம் மலர்ந்து வெளியே போனார். அக்கா கடிதத்தை இழுத்து, முதல் வரியிலிருந்து முழுக்கப் படித்தாள். சொந்தத் தம்பி எழுதியதானாலும் படிக்காமல் போடமாட்டாள். பிறகு அழுத்தமாகக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டு நீட்டினாள்.

தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கினான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கதவுப்பக்கம் திரும்பினான்.

"நில்லுடா. அடுத்த படத்துக்கு எவ்வளவு வேணும்?"