எடுக்காமல் விட்ட மூச்சு

ஒரு பாட்டுக்கு மாதிரியாக, இறந்த மனைவி பாடிவைத்திருந்த குரலை அழிக்க இசையமைப்பாளருக்குக் கை வரவில்லை. ஒலிப்பதிவு மென்பொருளோடு ஏஐ உதவியாளரை இணைத்து, அதன் தலையில் வேலையைக் கட்டினார். பாவத்தைச் செய்யவும் ஆள் வைக்கிற காலம்!

அதே பாட்டைப் பாடி முடித்த புதுப் பாடகி, பதிவைப் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் யாரோ மூச்சிழுத்தார்கள்.

"அண்ணா, இது என் மூச்சு இல்லையே!"

அவர் உதவியாளரை அதட்டினார். "அந்தக் குரலை எடுக்கச் சொன்னேன்ல?"

"எடுத்துட்டேன் சார். மூச்சை எடுக்கச் சொல்லலையே. எடுக்கட்டுமா?"

அவர் பாடகியின் குரலை அடக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டார். வரிக்கு வரி மூச்சு மட்டும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் தலை நிமிர்ந்தது.

"எடுக்கட்டுமா சார்?"

"சும்மா இரு. அவ பாடப்போறா."