மூன்றாம் சரணத்துப் பனி

ஆரினிஷ் ஊர்ச் சபையின் ஒலிநாடாவை இத்தாலியில் எந்த வீட்டில் ஓட்டினாலும், பாட்டின் மூன்றாம் சரணம் வரவேண்டிய இடத்தில் பனி பெய்யும். வெளியே அல்ல, வீட்டுக்குள், டேப் ரெக்கார்டருக்கு நேர் மேலே. சின்னப் பாட்டானால் ஒரு கைப்பிடி, நீளமான பாட்டானால் ஒரு முறம். ஜூலையிலும் பெய்யும். பனி தொடங்குவதற்கு முந்தைய வருஷங்களில் அதே நாடாக்களிலிருந்து சூடுதான் வந்துகொண்டிருந்தது. பதிவு செய்யும் சில்வான் சபையின் கணப்படுப்புக்குப் பக்கத்தில் மைக்கைத் தொங்கவிட்டிருந்தான். அதனால் போதகர் கிதியோனின் பிரசங்கத்தோடும் மாண்டலின் குழுவின் வாசிப்போடும் விறகின் அனலும் சேர்ந்து பதிவானது. ஞாயிறு ஆராதனை, திங்கள் பிரதி எடுப்பு, செவ்வாய் இத்தாலிக்கு ஓட்டும் ஒனுஃப்ரெயின் வேனில் பயணம். ருமேனியாவின் வடக்கு மூலையை விட்டுக் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளவும் செங்கல் அடுக்கவும் போனவர்கள், அந்நிய ஊர் அறைகளில் நாடாவை ஓட்டிவிட்டு அதன் முன்னால் கை காய்ச்சினார்கள். சிலர் ஈரச் சாக்ஸையும் உலர்த்தினார்கள். இதை யாரும் அற்புதம் என்று சாட்சி சொன்னதில்லை. ஒலிநாடாவுக்குக் காசு கொடுத்தோம், சூடு வந்தது, அவ்வளவுதான்.

சில்வானின் தங்கை தபிதா. அந்தச் சபையில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஆண்களிலும் அதுவரை ஒருவரும் இல்லை. சபை இதைப் பெருமையாகவும் சொல்லும், குத்தலாகவும் சொல்லும். படிச்சாலும் முக்காட்டை மறக்கல, அதுவரைக்கும் புண்ணியம் என்பார்கள். எல்லாப் பாட்டிலும் மூன்றாம் சரணம் அவளுடையது. மற்றவர்கள் வாயை மூட, மாண்டலின்கள் தணிய, அவள் மட்டும் தனியாகப் பாடுவாள். அவர்களுடைய அம்மா சவேத்தா இத்தாலியில் பெல்லூனோ பக்கத்தில் இர்மா என்ற கால் விளங்காத பெண்மணியைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலையில் இருந்தாள். மகள் பட்டம் வாங்கியது அந்த வேலையின் சம்பளத்தில்தான். நாடாவில் தபிதா பாடும்போது அந்தச் சமையலறைச் சன்னல் கண்ணாடியில் மூச்சு படிந்து ஆவி கட்டும். சவேத்தா அந்த ஆவியில் விரலால் மகள் பேரை எழுதிப் பார்ப்பாள், பிறகு அடுத்த பாட்டுக்காகத் துணியால் துடைத்து வைப்பாள். மகளைக் கட்டிப்பிடிக்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆரினிஷ் சபையில் ஒரு விதி உண்டு. யாராவது எழுந்து வாய்விட்டு ஜெபித்தால் குறுக்கே பேசக்கூடாது. அவர் ஆமென் சொல்லும்வரை போதகரே கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு முறை தச்சர் ஒருவர் ஜெபித்த ஜெபத்தில் எல்லார் வீட்டுச் சோளக்களியும் கல்லாய் இறுகிப்போனது. அப்போதும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அறுப்பின் நன்றி ஞாயிறன்று, பிரசங்க மேடைக்கு முன் பூசணிக்காய்களும் திராட்சைக் குலைகளும் குவிந்திருக்க, தபிதா எழுந்தாள்.

"ஆண்டவரே, நவோமியோட முதுகை நீர் பார்த்தீர், நானும் பார்த்தேன். எலிசேய் பெல்ட்டால அடிக்கிறான். அவ அப்பாகிட்டப் போனா, பொறுமையா இரும்மான்னு சொல்லி அனுப்பிட்டார். சபை மூப்பர்கள்கிட்டப் போனா, அவங்களும் அதையே சொன்னாங்க. இவங்களுக்குக் காது இல்ல. உமக்காவது இருக்கட்டும். ஆமென்."

பாதிச் சபை பழக்கதோஷத்தில் ஆமென் என்றது. நவோமி போதகர் கிதியோனின் மகள். தபிதாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். எலிசேய் அவள் புருஷன், முதல் மாண்டலின். அவன் மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு கண்மூடி பக்தியாய் உட்கார்ந்திருந்தான். மைக் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தபிதா அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாடா அப்படியே போக வேண்டும். இங்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் போதகரின் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது; அங்கே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் கேட்டால் யாராவது வாயைத் திறப்பார்கள். முக்கியமாக அம்மா கேட்க வேண்டும்.

"சத்தியம் பண்ணுண்ணா," என்றாள்.

"நம்ம ஜனம் சத்தியம் பண்ணுமா? ஆம்னா ஆம். உன் குரல்ல நான் கை வைப்பேனா, பைத்தியமே," என்றான் சில்வான்.

அடுத்த நாள் திங்கள் சாயங்காலமே அங்கத்தினர் கூட்டம் கூட்டப்பட்டது. போதகர் மகளைப் பார்த்துக் கேட்டார். படியில் விழுந்தேன் என்றாள் நவோமி. அவள் வீட்டில் படியே கிடையாது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்ததே அவர்கள்தான். தபிதாவை ஒழுங்கு நடவடிக்கையில் வைக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். நவோமியின் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இடது கையால் அதைத் தாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தபிதா அதைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்தாள். சில்வானின் கையும் மேலேதான் இருந்தது, நாடா ஒட்டும் பசைத்தாளின் துண்டு ஒன்று கட்டைவிரலில் ஒட்டியபடி.

நடவடிக்கையில் இருப்பவள் கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும். பாடக்கூடாது. திருவிருந்து கிடையாது. வழியில் பார்த்தால் யாரும் சமாதானம் என்று வாழ்த்தமாட்டார்கள். அவள் குரலும் சபையின் பேரில் எல்லை தாண்டக்கூடாது என்று மூப்பர்கள் சேர்த்துக்கொண்டார்கள். சில்வான் சவரக் கத்தியை எடுத்தான். ஜெபத்தை வெட்டினான். அதோடு நிற்காமல், இனிப் பிரதி எடுக்க வேண்டிய பழைய நாடாக்களிலும் மூன்றாம் சரணத்தையெல்லாம் வெட்டி, இரண்டையும் நான்கையும் ஒட்டினான். வேலை சுத்தம், ஒட்டு தெரியாது. துண்டுகளைச் சபைக் கணப்படுப்பில் போட்டு எரித்தான். அன்றிலிருந்து அந்த அடுப்பு சுடுவதில்லை. விறகு எரியும், தீ எழும்பும், சாம்பலும் விழும். உள்ளே கையை விட்டால் ஜில்லென்று இருக்கும். புகைபோக்கிக்காரன் வந்து பார்த்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனான். சபை கோட்டைக் கழற்றாமல் உட்காரப் பழகியது.

பனி விஷயத்தை முதலில் கொண்டுவந்தவன் ஒனுஃப்ரெய். அவன் வேறு சபைக்காரன், இவர்களை மனந்திரும்பிகள் என்று கேலி பண்ணுகிறவன். இத்தாலியில் பாதுவா ஊர் வருவதற்கு முன்னால் வேனில் ஒரு நாடாவை ஓட்டியிருக்கிறான். "மனந்திரும்பிங்களே, உங்க பாட்டால என் சீட்டெல்லாம் நனைஞ்சு நாறுது. கூலியில துணி துவைக்கிற காசையும் சேர்த்துக் குடுங்க," என்றான். இத்தாலியிலிருந்தும் தொலைபேசிகள் வந்தன. சில்வான் ஒட்டிய இடங்களின் மேல் மாண்டலின் வாசிப்பைப் பதிந்து பார்த்தான்; தந்திகள் உறைந்து அறுந்தன. வேறொரு பெண்ணை மூன்றாம் சரணம் பாடவைத்துப் புது நாடா அனுப்பினார்கள், அதிலும் பெய்தது. கடைசியில் போதகர் கிதியோன், பஞ்சைப்போல் உறைந்த மழையைத் தருகிறார் என்ற சங்கீத வசனத்தை எடுத்து ஒரு மணி நேரம் பிரசங்கித்து, இது அந்நிய தேசத்திலிருக்கிற பிள்ளைகளுக்கு ஆண்டவர் அனுப்பும் சொந்த ஊர்ப் பனி என்றார். அந்தப் பிரசங்கமும் நாடாவில் போனது. வெளிநாட்டில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். அதற்குப் பிறகு புகார் வரவில்லை. வீட்டுக்கு வீடு டேப் ரெக்கார்டரைப் பெரிய தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு துடைப்பத்தைச் சாத்திவைத்தார்கள். பெற்றோரின் ஊரைப் பார்க்காத குழந்தைகள் கோடையில் அந்தப் பனியை உருட்டி விளையாடின. நவோமி அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு முறை படியில் விழுந்தாள்.

தபிதா வசந்தம்வரை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே அவனுக்குக் களி கிண்டிப் போட்டாள். நாடாவில் போகாததை வாயில் கொண்டுபோய் அம்மாவிடம் சேர்த்துவிட்டால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் ஒனுஃப்ரெயின் வேனில் ஏறினாள். வழியில் மூன்று எல்லைகளிலும் அவள் வாய் திறக்கவில்லை.

சவேத்தா கோட்டு போட்டுக்கொண்டு சமையலறையில் நாடா கேட்டுக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்தாள், மெலிந்துவிட்டாய் என்றாள், சூப்பைச் சூடு பண்ணினாள். தபிதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முதுகு, பெல்ட், ஜெபம், தூக்கிய கைகள், சவரக் கத்தி. சவேத்தா நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்றாம் சரணம் வந்தது, பனி பெய்தது. குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.

"தெரியும்டி," என்றாள்.

"அண்ணன் சொன்னானா?"

"அன்னைக்குக் காலையிலேயே ஃபோன் பண்ணினான். கூட்டத்துக்கு முன்னாடி. வெட்டச் சொல்வாங்க போலிருக்கும்மா, முடியாதுன்னு சொல்லிடட்டுமான்னு கேட்டு அழுதான். நான்தான் வெட்டுடான்னேன். கூட்டத்துல கையும் தூக்கிடுன்னேன்."

சவேத்தா துடைப்பத்தைச் சாத்திவிட்டு முறத்தை எடுத்தாள்.

"நவோமிக்கு அப்பன் இருக்கான், ஆத்தா இருக்கா. உனக்கு யாரு இருக்கா? நான் ஒருத்தி. நானும் இங்க கெடக்கேன். இந்த ஊர்ல மட்டும் நாப்பது வீட்டுல அந்த நாடாவைக் கேக்கறாங்க. அதைக் கேட்டுட்டு உன்னை எவன் வீட்டுல ஏத்துவான்? படிச்ச திமிருன்னுதான சொல்லுவான்?" முறத்தில் அள்ளினாள். "எனக்கு மட்டும் ஆசையா? கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு வெச்சுட்டுத்தான் இருந்தேன், உன் மூச்சு ஒரு வேளை வருமோன்னு."

"பழைய பாட்டையும் நீதான் வெட்டச் சொன்னியா?"

"எடுத்தா முழுசா எடுத்துடுன்னேன். அரைகுறையா இருந்தா ஜனம் தோண்டும்."

தபிதா சன்னலருகே போனாள். கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து நீளமாக மூச்சு விட்டாள். ஆவி கட்டவில்லை. எதிரே மலை துல்லியமாகத் தெரிந்தது. இன்னொரு முறை வாயைத் திறந்து ஊதினாள். கண்ணாடி அப்படியே இருந்தது. சவேத்தா பழக்கத்தில் துணியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள், துடைக்க ஒன்றுமில்லாமல்.

தபிதா திரும்பிப் போகவில்லை. பெல்லூனோவின் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலைகளில் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பளபளப்பாக்கிய வில்லைகளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக் கீறல் பார்க்கும் வேலை. மற்றப் பெண்கள் வாயில் துணி கட்டிக்கொள்ள வேண்டும், இவளுக்குத் தேவையில்லை. என்ன பட்டம் என்று யாரும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் அவள் மூச்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இப்படி இன்னும் நாலு பேர் உங்கள் ஊரில் கிடைப்பார்களா என்று கேட்டார். கிடைப்பார்கள், கேட்டால் படியில் விழுந்தோம் என்பார்கள் என்றாள். அவருக்குப் புரியவில்லை, சிரித்தார்.

அம்மாவும் மகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். செவ்வாயில் கிளம்பும் வேன் இப்போதும் வருகிறது, சவேத்தா ஞாயிறுதோறும் நாடாவை ஓட்டுகிறாள். மூன்றாம் சரணத்தில் பனி பெய்கிறது. யார் பெருக்குவது என்று அந்த வீட்டில் பேச்சு எழுந்ததில்லை. அம்மாதான் பெருக்குகிறாள்.